முன்வரிசை மூட்டைகள்

சென்ற மாதம், விதைப் பரிசோதனை வேலைக்குப் புதிதாக வந்த பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி வகுப்பு நடத்தினார்கள். பழைய ஆள் என்ற முறையில் என்னையும் அழைத்துப் பேசச் சொன்னார்கள். இப்போது முடிவைக் கம்ப்யூட்டரே அச்சடித்துக் கொடுத்துவிடுகிறது. பச்சை எழுத்தில் வந்தால் தேறியது, சிவப்பில் வந்தால் தேறவில்லை. பேச்சு முடிந்ததும் ஒரு பெண் எழுந்து, "மேடம், உங்க சர்வீஸ்ல ரொம்பக் கஷ்டமான கேஸ் எது?" என்று கேட்டாள். அதற்குள் டீ வந்துவிட்டது. கரண்ட் இல்லாத கோடையில் முளைப்பு அறையைக் குளிர வைக்க நாங்கள் ஈரச்சாக்கு கட்டித் தொங்கவிட்ட கதையைச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்துவிட்டு வந்துவிட்டேன். அவள் கேட்டதற்கு அது பதில் இல்லை. பதிலை டீ ஆறும் நேரத்துக்குள் சொல்லிவிட முடியாது.

நான் மதுரையில் விதை ஆய்வகத்தில் சேர்ந்தது எழுபதுகளின் நடுவில். தாவரவியல் படித்திருந்தேன். சேர்ந்த முதல் வருடம் மணல் சலித்தேன், மணல் கழுவினேன், மணல் வறுத்தேன். விதை முளைக்க வைக்கும் மணலில் பூஞ்சை இருக்கக்கூடாது, உப்பு இருக்கக்கூடாது, பழைய விதை ஒன்றுகூட ஒளிந்திருக்கக்கூடாது. பிறகு விதை எண்ணப் பழகினேன். பிறகு முளையைப் பார்க்கப் பழகினேன். மண்ணுக்கு மேலே தலை நீட்டியதெல்லாம் முளை ஆகாது. வேர் முறுக்கிக்கொண்டிருந்தால் அது கணக்கில் சேராது. குருத்து கருகியிருந்தால் சேராது. வயலில் செடியாக நிற்கக்கூடியது எதுவோ அதுதான் கணக்கு. இரண்டாம் வருட முடிவில் எனக்குத் தனி மேசை கொடுத்தார்கள்.

ஆய்வகத்தின் பொறுப்பு அதிகாரி பீர் முகமது சார். காஜிமார் தெருப் பக்கம் வீடு. ஒல்லியான மனிதர், சைக்கிளில் வருவார். வந்ததும் சோப்புப் போட்டு முழங்கை வரை கை கழுவுவார். அதற்குப் பிறகுதான் தட்டைத் தொடுவார். ஒரு தட்டை ஒருவர் எண்ணினால் போதாது. இருவர் எண்ண வேண்டும், ஒருவர் எண்ணியதை மற்றவர் கேட்கக் கூடாது. இரண்டும் வேறுபட்டால் யார் தப்பு என்று கேட்க மாட்டார். "ஜல்தி வேணாம். ரெண்டு பேரும் திரும்ப எண்ணுங்க" என்பார். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை.

வேலை என்னவென்று ஒருமுறை சொல்லிவிடுகிறேன். விதை விற்பவர் மூட்டையில் ஓர் அட்டை கட்டுவார். நிலக்கடலை என்றால், நூற்றுக்கு எழுபது முளைக்கும் என்று அதில் இருக்கும். அது அவர் சொல்வது. சரக்கு அடுக்கி வைக்கும் கிட்டங்கியில் இருக்கும் அத்தனை விதையையும் போட்டுப் பார்த்து அதைச் சரிபார்க்க முடியாது. பார்த்தால் விதைக்க ஒன்றும் மிஞ்சாது. அதனால் அங்கங்கே மூட்டைகளைக் குத்தூசியால் குத்தி எடுத்துக் கலந்து, அதிலிருந்து நானூறு விதையை எடுத்து, தட்டுக்கு நூறாக நான்கு மணல் தட்டில் போடுவோம். கடலைக்குப் பத்து நாள். நானூறில் இருநூற்று எண்பது முளைத்தால் எழுபது. ஆனால் சொல்லி வைத்தாற்போல் இருநூற்று எண்பது வராது. மூட்டையில் உண்மையாகவே எழுபது இருந்தாலும், கைக்கு வந்த நானூறில் சில கூடும், சில குறையும். எவ்வளவு குறைந்தால் அது தற்செயல், எவ்வளவுக்குக் கீழே போனால் விற்பவர் சொன்னது பொய் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைகளின் அட்டவணை சார் மேசைக்குப் பின்னால் சுவரில் ஒட்டியிருக்கும்.

எனக்குத் தனி மேசை கிடைத்த புதிதில், ஒரு சோள விதை எல்லைக்குள் வந்துவிட்டது என்று பார்த்து, "விதை தரமானது" என்று முடிவு எழுதிக் கொண்டுபோய் வைத்தேன். சார் பேனாவை எடுத்து அதன்மேல் ஒரு கோடு போட்டார். கீழே, "விற்பவர் கூறியதை மறுக்கப் போதிய ஆதாரம் இல்லை" என்று எழுதினார்.

"ரெண்டும் ஒண்ணுதானே சார்?"

"இல்ல வசந்தாம்மா. தெருவுல ஒருத்தன் நான் யோக்கியன்ங்கிறான். நீங்க அவன் சட்டைப்பையத் தடவிப் பாக்குறீங்க. கத்தி இல்ல. அதுக்காக அவன் யோக்கியன்னு எழுதிக் குடுப்பீங்களா? கத்தி கெடைக்கலன்னுதான எழுதுவீங்க."

இன்னொரு நாள் அந்த அட்டவணையைக் காட்டிச் சொன்னார். "இதுல ரெண்டு பாவம் இருக்கு. நல்லவனப் பொய்யன்னு சொல்றது ஒண்ணு. பொய்யன விட்டுடறது இன்னொண்ணு. எல்லைய மேல ஏத்துனா மொதப் பாவம் கூடும், கீழ எறக்குனா ரெண்டாவது கூடும். ரெண்டும் இல்லாத எடம்னு ஒண்ணு இதுல கெடையாது."

சில வருடம் கழித்து மேலிடத்திலிருந்து ரப்பர் ஸ்டாம்ப் வந்தது. ஒன்றில் "தேறியது", மற்றதில் "தேறவில்லை". நீளமாக எழுதுவதால் தாமதம் ஆகிறதாம், கடைக்காரர்களுக்கும் விவசாயிகளுக்கும் புரிவதில்லையாம். சார் இரண்டு முறை மேலே எழுதிப் பார்த்தார். பதில் வரவில்லை. ஸ்டாம்பைக் கையில் எடுத்து, மைத்தட்டைத் திறந்தார்.

அதற்கு அடுத்த வைகாசியில் உசிலம்பட்டியிலிருந்து ஒரு கடலை மாதிரி வந்தது. கொண்டுவந்தவர் விதை ஆய்வாளர் தங்கவேல். என் வயதுதான் இருக்கும். அந்தப் பக்கத்துக் கடைகளுக்கெல்லாம் அவர் ஒருவர்தான். டவுன் பஸ்ஸில் போய்த்தான் மாதிரி எடுத்துவருவார். எடுத்த விதையை மூன்று பங்காக்கி, ஒன்றைக் கடைக்காரரிடமே கொடுத்து, ஒன்றை எங்களுக்கு அனுப்பி, ஒன்றை அரக்கு முத்திரை வைத்து அலுவலகத்தில் பூட்டி வைப்பது விதி. பின்னால் வழக்கு என்று வந்தால் பூட்டி வைத்ததுதான் பேசும்.

நானூறு போட்டதில் இருநூற்று அறுபத்து நான்கு வந்தது. அட்டை சொன்ன எழுபதுக்கு நாங்கள் கண்டது அறுபத்தாறு. எல்லை அதற்குக் கொஞ்சம் கீழே இருந்தது. சார் தட்டுகளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தட்டில் மட்டும் முளை குறைவு. ஆனால் தட்டுக்குத் தட்டு இவ்வளவு வித்தியாசம் இருக்கலாம் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு, அதற்குள்ளும் அடங்கியது.

"எனக்கு இது புடிக்கல" என்றார். பிறகு, "ஆனா எனக்குப் புடிக்கலங்கிறது ஆதாரம் இல்ல" என்று சொல்லி, "தேறியது" ஸ்டாம்பைக் குத்தினார்.

ஆடியில் மேற்கே நல்ல மழை. ஆவணி பிறந்து சில நாளில், நண்பகல் நேரம், ஆய்வக வாசலில் ஒரு ஆணும் பெண்ணும் வந்து நின்றார்கள். எழுமலைப் பக்கம் ஒரு சிற்றூர். அவர் பெயர் ஒச்சப்பன், மனைவி பேச்சியம்மா. நாற்பதை ஒட்டிய வயது இருவருக்கும். அவர் துண்டில் எதையோ முடிந்து கொண்டுவந்திருந்தார். என் மேசைமேல் அவிழ்த்தார். மண்ணோடு மண்ணாக அழுகிப்போன நிலக்கடலைப் பருப்பு. சிக்கெண்ணெய் வாடை அறை முழுக்கப் பரவியது.

"இதத் தேறிருச்சுன்னு எழுதிக் குடுத்தது இந்த ஆபீசுதானா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறோமா என்று தெரிந்துகொள்ளக் கேட்டார்.

சார் இருவரையும் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்துக் கேட்டார். உசிலம்பட்டிக் கடையில் இரண்டு மூட்டை விதைப்பருப்பு வாங்கியிருக்கிறார்கள். ஒரு மூட்டைப் பருப்பு நிறம் மங்கலாக இருந்திருக்கிறது.

"நான் கேட்டேன் சார்" என்றார் ஒச்சப்பன். "ஏன்ணே இது வேற மாதிரி இருக்குன்னேன். அவரு செவத்துல ஒட்டியிருந்த தாளக் காட்டுனாரு. அரசாங்கமே தேறிருச்சுன்னு முத்திரை குத்திருக்கு, நீ என்னய்யா அதுக்கு மேல பாக்கப் போறன்னாரு. எனக்கும் சரின்னு பட்டுச்சு. படிச்சவுக பாத்துருப்பாகள்ல."

மறுநாள் காலை சாரும் நானும் தங்கவேலும் எழுமலை பஸ் ஏறினோம். அங்கிருந்து மாட்டுவண்டித் தடத்தில் நடந்தோம். மேற்கே மலை நீலமாகத் தெரிந்தது. சுற்றியிருந்த மானாவாரிக் காடுகளில் எல்லாம் கடலை பச்சை கட்டியிருந்தது. ஒச்சப்பன் நிலத்தில் கிழக்குப் பாதி மற்றவர்களுடையதைப் போலத்தான் இருந்தது. மேற்குப் பாதி வெறும் செம்மண். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் செடி.

"ஏருக்குப் பின்னால இவதான் வெதை போட்டா" என்றார் ஒச்சப்பன். "இவ கை தவறாது. சாணுக்கு ஒண்ணு. தோண்டிப் பாருங்க, எல்லாம் அங்கனயே கெடக்கும்."

தோண்டிப் பார்த்தோம். இருந்தன. சாணுக்கு ஒன்றாக, வரிசையாக, அழுகிக் கிடந்தன. கிழக்குப் பாதிக்கு ஒரு மூட்டை, மேற்குப் பாதிக்கு மற்ற மூட்டை. ஒரே நாள், ஒரே ஈரம், ஒரே கை.

சார் துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டார். வயல் முழுக்க எண்ண முடியாது. எந்த உழவுச் சாலில் எந்த இடத்தில் தொடங்குவது என்பதைத் தன் கண் தீர்மானிக்கக் கூடாது என்று, சின்னச் சின்னத் தாள்களில் எண் எழுதிச் சுருட்டிக் குலுக்கி, பேச்சியம்மாவை எடுக்கச் சொன்னார். வந்த எண்ணுக்குரிய சாலில் போய்க் கயிறு போட்டு எண்ணினோம். அவர் ஒரு முறை, நான் ஒரு முறை. கிழக்கே நூறு விதைக்கு அறுபத்தைந்து, எழுபது என்று செடி நின்றது. மேற்கே பத்துக்கு ஒன்றுகூடத் தேறவில்லை. சார் வரப்பில் உட்கார்ந்து கணக்குப் போட்டார். அப்படிப் பார்த்தால் கணக்கே தேவையில்லைதான், கண்ணாலேயே தெரிந்தது. ஆனாலும் போட்டார். முடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இது தற்செயல் இல்ல வசந்தாம்மா. ரெண்டும் ஒரே சரக்கு இல்ல. ஒண்ணு பழசு. அட்டை மட்டும்தான் ஒண்ணு."

இத்தனை வருடத்தில் அவர் இவ்வளவு உறுதியாக ஒன்றைச் சொல்லி நான் கேட்டது அப்போதுதான். தங்கவேல் சற்றுத் தள்ளி வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். அவர் முகம் சரியில்லை.

ஆய்வகத்துக்குத் திரும்பியதும், சார் அறையில் நின்றுகொண்டே தங்கவேல் சொன்னார்.

"சார், கிட்டங்கில மூட்டை கூரை வரைக்கும் அடுக்கியிருந்துச்சு. உள்ள இருக்குறத எறக்கச் சொன்னேன். சந்தை நாளு, தூக்க ஆள் இல்லைன்னுட்டாங்க. எல்லாம் ஒரே சரக்குதான் அண்ணே, எங்க குத்துனா என்னன்னாரு கடைக்காரரு. அடுத்து மூணு கடை பாக்க வேண்டியிருந்துச்சு. முன்வரிசையில மட்டும் குத்தி எடுத்தேன்."

சார் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். நானூறு விதை ஏன் போதும் என்றால், கிட்டங்கியில் இருக்கும் எல்லா மூட்டைக்கும் அந்த நானூறில் இடம்பெறச் சமமான வாய்ப்பு இருக்கிறது என்பதால்தான். அது இல்லையென்றால் நானூறு எண்ணினாலும் நாலாயிரம் எண்ணினாலும், நாங்கள் முன்வரிசையை மட்டுமே திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருக்கிறோம். எங்கள் அட்டவணையும், சலித்த மணலும், இருவர் எண்ணிய எண்ணிக்கையும் அந்த ஒரு வரிசைக்கு மட்டும்தான் சாட்சி.

ஒச்சப்பன் எழுதிக் கொடுத்த புகாரின் மேல் விசாரணைக்கு உத்தரவு வந்தது. கடையில் அந்தச் சரக்கு ஒரு மூட்டைகூட மிச்சமில்லை. வாங்கிய மற்றவர்களில் சிலருக்கும் பாதி முளைக்கவில்லை என்று கேள்விப்பட்டோம். ஆனால் அவர்கள் அந்த நிலத்தை மறுபடி உழுது குதிரைவாலி விதைத்துவிட்டார்கள். புகார் எழுத வரவில்லை. ஆகவே பூட்டி வைத்திருந்த மூன்றாவது பங்கை மறுபடி சோதித்து முடிவு அனுப்பும்படி எங்களுக்குத் தாக்கீது வந்தது.

அரக்கை உடைத்து நான்தான் எடுத்தேன். பருப்பு இளஞ்சிவப்பாக, ஒரே நிறமாக இருந்தது. நானூறு எண்ணி நான்கு தட்டில் போட்டேன். அந்தப் பத்து நாளும் தினம் காலையில் முதல் வேலையாக அந்த அறையைத் திறந்து பார்த்தேன். விதையை முளைக்க வைப்பதற்கு அரசாங்கம் வேலை கொடுத்த நான், இது முளைக்கக் கூடாது என்று மீனாட்சியம்மன் கோயிலில் போய் வேண்டிக்கொண்டேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

நாலாம் நாளே மணல் வெடிக்கத் தொடங்கியது. கடலை முளைப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்; சின்ன மேடாக மண்ணைத் தூக்கிக்கொண்டு, பருப்பு இரண்டாகப் பிளந்து வெளிவரும். வெளுத்திருக்கும், மறுநாள் பச்சையாகும். நான்கு தட்டும் பச்சையாயின. அவ்வளவு அழகான முளையை நான் அந்த வருடம் பார்க்கவில்லை. முதல் சோதனையைவிடச் சில கூடவே வந்தன. சார் எண்ணினார், நான் எண்ணினேன். இரண்டும் ஒன்றாக இருந்தது. எண்ணிக்கையில் தப்பு வராதா என்று நாங்கள் இருவரும் ஏங்கிய ஒரே நாள் அது.

விசாரணைக்கு முந்தின நாள் தங்கவேல் வந்தார். "நான் என்ன சார் சொல்லட்டும்?" என்று கேட்டார்.

சார் சொன்னார். "நடந்தத நீ சொன்னா சாம்பிள் செல்லாது. செல்லாத சாம்பிள வச்சு அந்தக் கடைக்காரன ஒண்ணும் செய்ய முடியாது. நீ சொல்லலேன்னா சாம்பிள் செல்லும். செல்லுற சாம்பிள் அவனக் காப்பாத்தும். ரெண்டு வழியிலயும் அவன் வெளிய போயிருவான் தங்கவேலு. அதனால அவனப் பத்தி யோசிக்காத. ஒன்னப் பத்தி யோசிச்சு முடிவு பண்ணு."

உசிலம்பட்டியில் பயணியர் விடுதிக் கூடத்தில் விசாரணை நடந்தது. வந்த அதிகாரி மரியாதையானவர். எல்லோரையும் உட்கார வைத்தார். ஒச்சப்பனும் பேச்சியம்மாவும் மட்டும் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை, கதவோரம் நின்றுகொண்டார்கள். கடைக்காரர் வெள்ளைச் சட்டையில், அமைதியாக இருந்தார். அவருக்காக ஒரு வக்கீல் வந்திருந்தார்.

தங்கவேல் நடந்ததைச் சொன்னார். ஒரு வார்த்தை மறைக்கவில்லை. அதிகாரி பேனாவை நிறுத்திவிட்டு, "நீங்க சொல்றது எழுத்துல வரும், தெரியுமில்ல?" என்றார். "தெரியும் சார்" என்றார் தங்கவேல்.

வக்கீல் எழுந்தார். விதிப்படி மாதிரி எடுக்காதது அரசாங்கத்தின் குறை, அதற்குத் தன் கட்சிக்காரர் பொறுப்பா என்று கேட்டார். வயலில் நாங்கள் எண்ணியதைப் பற்றி சார் சொன்னபோது, மழையும் எறும்பும் ஆழமும் வயலில் உண்டு, ஆய்வகத்தில் இல்லை, வயல் கணக்கு சட்டத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்டார். சார், "ஒரே வயலில் இரண்டு பாதிக்கும் ஒரே மழைதான் பெய்தது" என்று தொடங்கினார். சட்டத்தில் எங்கே இருக்கிறது என்று வக்கீல் மறுபடி கேட்டார். சட்டத்தில் இல்லை. பிறகு வக்கீல் என் பக்கம் திரும்பினார்.

"இந்த விதைய எத்தன தடவ சோதிச்சீங்கம்மா?"

"இரண்டு தடவை."

"முடிவு என்ன?"

"விற்பவர் கூறியதை மறுக்கப் போதிய ஆதாரம் கிடைக்கவில்லை."

"தமிழ்ல சொல்லுங்கம்மா" என்றார் அவர். கூடத்தில் சிலர் சிரித்தார்கள். "தேறுச்சா, தேறலையா? உங்க ஸ்டாம்புல என்ன இருக்கு?"

நான் சாரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தேறியது" என்றேன்.

"ரெண்டு தடவையும்?"

"இரண்டு தடவையும்."

அவ்வளவுதான். பகல் சாப்பாட்டுக்கு முன்னால் எல்லாம் முடிந்துவிட்டது. வெளியே வந்தபோது பேச்சியம்மா புளியமரத்தடியில் நின்றிருந்தார். அன்றைக்குத்தான் என்னிடம் நேராகப் பேசினார்.

"ஒண்ணு கேக்குறேன் தாயி. நீங்க ரெண்டு வாட்டி போட்டீக, ரெண்டு வாட்டியும் மொளைச்சுருச்சு. அப்ப எங்க காட்டுல மொளைக்காமக் கெடக்குறதுதான் பொய்யா?"

"பொய் இல்லம்மா. நாங்க சோதிச்சது வேற மூட்டை. உங்களுக்கு வந்தது வேற மூட்டை."

"அது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அந்த ஐயாவுக்குத் தெரியுமா?" என்று சாரைக் காட்டினார்.

"தெரியும்."

"தெரிஞ்சுமா?" என்றார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு புருஷனைக் கூட்டிக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தார்.

உத்தரவு வந்தது. கடைக்காரர் மேல் குற்றம் நிரூபிக்கப்படவில்லை. தங்கவேலை வடக்கே தூரத்து மாவட்டம் ஒன்றுக்கு மாற்றினார்கள். பதவி உயர்வும் நின்றது. அந்த விவகாரம் முழுவதிலும் தண்டனை அடைந்தவர் உண்மையைச் சொன்ன அவர் ஒருவர்தான். கிளம்பும் முன் ஆய்வகத்துக்கு வந்து எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். சார் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "வாரேன் சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதன்பின் நான் அவரைப் பார்க்கவில்லை.

சார் மேலிடத்துக்கு எழுதினார். மாதிரி எடுக்கப் போகும்போது ஆய்வகத்து ஆள் ஒருவரும் கூடப் போக வேண்டும், அடுக்கைப் பிரிக்காமல் எடுத்த மாதிரியை வாங்கக் கூடாது, முடிவை ஸ்டாம்பில் குத்தாமல் முழு வாக்கியமாக எழுத வேண்டும் என்று மூன்று யோசனை. ஆள் பற்றாக்குறை என்று ஒரு வரியில் பதில் வந்தது. அதற்குப் பிறகு அவர் கை கழுவுவதில் குறை வைக்கவில்லை, எண்ணுவதில் குறை வைக்கவில்லை. ஆனால் தட்டுகளைப் பார்க்கும்போது முன்போல் குனிந்து பார்க்க மாட்டார். நின்றபடியே பார்ப்பார். "நம்ம நஸீபு, வந்ததத்தான் எண்ண முடியும்" என்பார். அவர் வாயில் விதி என்ற பொருளில் ஒரு சொல் வந்து நான் கேட்டது அந்தக் காலத்தில்தான். இரண்டு வருடத்தில் ஓய்வு பெற்றார். வழியனுப்பு விழா வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

விசாரணைக்கு அடுத்த ஆடியில், விதை நேர்த்தி முகாம் ஒன்றுக்காக நான் எழுமலைக்குப் போக நேர்ந்தது. முகாம் முடிந்ததும் மனசு கேட்காமல் ஒச்சப்பன் நிலத்துப் பக்கம் நடந்தேன். அந்த வருடமும் மழை தப்பவில்லை. தூரத்திலிருந்தே அவர் தெரிந்தார். சாலுக்குள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, விரலால் மண்ணைக் கிளறி எதையோ எடுத்து, கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்து, திரும்பப் புதைத்தார். கொஞ்சம் நகர்ந்தார். மறுபடி கிளறினார்.

பேச்சியம்மா வரப்பில் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் புருஷன் பக்கம் கைகாட்டினார்.

"வெதைச்சதுலேருந்து இப்படித்தான்" என்றார். "மொளைச்சுருச்சான்னு தோண்டிப் பாக்குறாரு. இது நல்ல வெதை. எங்க அண்ணன் வீட்டுக் களத்துலேருந்து நாங்களே ஒடைச்சது. சொன்னாக் கேக்க மாட்டேங்குறாரு. முந்தாநாளு வேர் விட்டுருந்துச்சு. அதையும் புடுங்கிப் பாத்து வச்சாரு. இனி அது எங்கிட்டுப் பொழைக்க?"

நான் சாலோரம் போய் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். நிமிர்ந்து பார்த்தார். அடையாளம் தெரிந்தது. சிரித்தார். மண் அப்பிய உள்ளங்கையில் ஒரு பருப்பு, வெள்ளையாக வேர் நீட்டிக்கொண்டிருந்தது.

"வாங்கம்மா. நூறுல எம்புட்டுன்னு பாக்குறேன்" என்றார். "நீங்களும் இப்படித்தான பாப்பீக?"

நாங்கள் தோண்டுவது இல்லை, காத்திருப்போம் என்று சொல்லியிருக்கலாம். அந்த மனிதரிடம் காத்திருக்கச் சொல்ல எனக்கு என்ன முகம் இருந்தது? மூட்டைப் பருப்பு மங்கலாக இருக்கிறது என்று அவர் கண்தான் முதலில் கண்டுபிடித்தது. அந்தக் கண்ணை நம்ப வேண்டாம் என்று சொன்னது எங்கள் முத்திரை. இனி எதை நம்பி ஒரு விதையை மண்ணுக்குள் விட்டுவிட்டு அவர் வீட்டுக்குப் போவார்? திரும்பி நடந்தேன். பஸ்ஸில் ஏறியபின், பேச்சியம்மாவிடம் சொல்லிக்கொள்ளாமலே வந்துவிட்டேன் என்பது நினைவுக்கு வந்தது.

எண்பதுகளின் பாதியில் நாங்கள் கே.கே. நகருக்குக் குடிவந்தோம். அப்போது அங்கே தெருவுக்கு நாலைந்து வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் தெருமுனையில் ஒரு கிளினிக்குக்காகப் பெரிய கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை காய் வாங்கிக்கொண்டு வரும்போது, தலையில் சாந்துச் சட்டியோடு சாரப் பலகையில் ஏறப்போன ஒரு பெண் என்னைப் பார்த்து நின்றார். ஆண் சட்டை ஒன்றைச் சேலைக்கு மேலே போட்டு, தலையில் சும்மாடு கட்டியிருந்தார். பேச்சியம்மா என்று தெரிய எனக்குச் சற்று நேரமானது.

"இங்கனதான் குடியிருக்கீகளா?" என்று கேட்டார்.

"ஆமாம்மா. நீங்க எப்ப வந்தீங்க?"

"வந்து ரெண்டு வருசமாச்சு. காட்டத் தரிசாப் போட்டுட்டு வந்துட்டோம். அங்க இருந்தா இவரு மண்ணப் பாத்தாப் போதும், தோண்ட ஆரம்பிச்சுருவாரு. செடி செத்தா என்னத்த, ஆளு சாப்புடாமக் கொள்ளாமக் கெடந்தாரு."

"இப்ப எப்படி இருக்காரு?"

அவர் கட்டடத்தின் பின்பக்கம் தலையைத் திருப்பினார். நானும் பார்த்தேன். புதிதாகப் பூசிய சுவர் முன்னால் ஒச்சப்பன் ஒரு ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே, ஒரு திட்டும் காயாமல் நனைத்துக்கொண்டிருந்தார். முடி முழுக்க நரைத்திருந்தது. எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

"செவத்துக்குத் தண்ணி ஊத்துற வேலைன்னா ஒழுங்காச் செய்யுறாரு" என்றார் பேச்சியம்மா. "மேஸ்திரிகூட நல்ல மனுசன்ங்கிறாரு. அதுல எதுவும் மொளைச்சு வர வேண்டாம்ல."

மேலேயிருந்து யாரோ சாந்து கேட்டுக் குரல் கொடுத்தார்கள். அவர் சட்டியைச் சரிசெய்துகொண்டு பலகையில் ஏறிப் போனார்.